அரசியின் நெடுந்துயில்

செப்டம்பர் பிறந்ததும் இங்கிலாந்தின் தோட்டங்களில் உதிர்ந்து கிடக்கும் ஆப்பிள்களையும் மேசைமேல் வைத்த பழச்சாற்றையும் மஞ்சளும் கறுப்புமான குளவிகள் மொய்க்கத் தொடங்கும். கோடை முழுவதும் ஒதுங்கி வாழ்ந்தவை திடீரென மனிதரைச் சூழ்வதால், அவற்றுக்குச் சினம் மிகுந்துவிட்டதெனப் பலரும் எண்ணுவர். உண்மையில் அவை பசித்திருக்கின்றன.

வெஸ்புலா வல்காரிஸ் என்னும் இக்குளவியின் கூட்டை வசந்தகாலத்தில் தனியோர் அரசியே தொடங்குகிறது. காய்ந்த மரத்தைச் சுரண்டி, உமிழ்நீரோடு மென்று, காகிதம் போன்ற தகடாக்கி அறுகோண அறைகளை அது அமைக்கிறது. (கந்தல் துணியிலிருந்து காகிதம் செய்யப்பட்ட காலத்தில், மரத்திலிருந்தும் செய்யலாம் என்று பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1719ஆம் ஆண்டில் கூறியதற்கு இக்குளவிகளின் கூடே தூண்டுதல்.) முதலில் பிறக்கும் பெண்கள் பணிக்குளவிகளாகிக் கூட்டை விரிவாக்குகின்றன. கோடையின் முடிவில் அங்குப் பல்லாயிரம் குளவிகள் வாழும்.

பணிக்குளவிகள் ஈக்களையும் கம்பளிப்புழுக்களையும் வேட்டையாடி, கூழாக்கித் தம் இளம்புழுக்களுக்கு ஊட்டுகின்றன. வளர்ந்த குளவியின் இடையோ மிகக் குறுகியது. திடவுணவு அதன் வழியே செல்லாது. ஊட்டப்பெற்ற புழு சுரந்து தரும் இனிய நீரே அதற்கு உணவாகிறது. கூட்டை ஒன்றாகப் பிணைத்து வைத்திருப்பது இக்கொடுக்கல் வாங்கல்தான்.

கோடை முதிர்ந்ததும் பெரிய அறைகள் எழுகின்றன. அவற்றில் மிகுந்த ஊட்டம் பெறும் பெண்புழுக்கள் புதிய அரசிகளாகின்றன. கருவுறாத முட்டைகளிலிருந்து ஆண்கள் தோன்றுகின்றன. பின்னர் முதிய அரசி முட்டையிடுவது குறைகிறது. புழுக்கள் அருக, இனிய நீரும் வற்றுகிறது. பழத்தோட்டத்தில் கண்ட பசிக்கு இதுவே காரணம். இரையும் கிடைக்காத நிலையில் எஞ்சிய புழுக்களைப் பணிக்குளவிகளே அறைகளிலிருந்து இழுத்து வெளியே எறிகின்றன. தாம் ஊட்டி வளர்த்தவற்றை எறிவது கொடுமையெனத் தோன்றலாம். ஆயினும் அவற்றை வளர்த்தெடுக்க இனி உணவுமில்லை, காலமுமில்லை.

தேனீக்கள் தேனைச் சேமித்து, ஒன்றையொன்று நெருங்கித் திரண்டு, உடல் வெப்பத்தால் குளிரைக் கடக்கின்றன. குளவிகளிடம் அத்தகைய சேமிப்பு இல்லை. கலவிக்குப் பின் ஆண்கள் மடிகின்றன. முதிய அரசியும் பணிக்குளவிகளும் பனியில் அழிகின்றன. கூட்டின் செல்வமெல்லாம் இளம் அரசிகளின் உடற்கொழுப்பாகவும் அவை சுமக்கும் விந்தணுக்களாகவும் மட்டுமே எஞ்சுகிறது.

இளம் அரசி மரப்பட்டையின் அடியிலோ வீட்டுப் பரணிலோ ஒடுங்கி, இறக்கைகளை உடலோடு மடக்கி, தாடைகளால் இறுகப் பற்றியபடி மாதக்கணக்கில் துயில்கிறது. கடுங்குளிரைவிட இடையிடையே வரும் இளவெயில் அதற்குத் தீங்காவதுண்டு; வெப்பத்தில் விழித்தால் கொழுப்பு கரையும், உண்ண மலரும் இராது. சிலந்திக்கும் பூஞ்சைக்கும் இரையாவனவும் பல.

இத்துயில் கடலையும் கடக்க வல்லது. இதன் நெருங்கிய இனமான ஜெர்மன் குளவி 1945ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஹாமில்டன் நகருக்கு அருகில் காணப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்குப் பெட்டிகளில் துயின்ற அரசிகளே அதனைக் கொண்டுசேர்த்தன எனக் கருதுவர். அங்கே குளிர் மென்மையானது. அதனால் சில கூடுகள் மடியாமல் இரண்டாம் ஆண்டிலும் தொடர்கின்றன. இளம் அரசிகள் பல ஒரே கூட்டில் முட்டையிட, அது ஆள் உயரத்தையும் மிஞ்சி வளர்வதுண்டு.