மருத்துவமனையில் சேரும் முன் காப்பீட்டைச் சரிபார்ப்பது எப்படி?



மருத்துவ உதவி கேட்டு ஜமாஅத்துக்கு மனு எழுதும் நிலை பல குடும்பங்களுக்குச் சிகிச்சை முடிந்த பிறகே வருகிறது. வீட்டில் அரசின் காப்பீட்டு அட்டை இருக்கும். நல்ல மருத்துவரும் கிடைத்திருப்பார். ஆனால் அவர் அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனை அந்த அட்டையை ஏற்கும் இடமாக இருந்திருக்காது. நகை அடகுக்குப் போயிருக்கும், கடனும் ஏறியிருக்கும். சேர்வதற்கு முன்பே சில கேள்விகளைக் கேட்டிருந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். அந்தக் கேள்விகளை இந்தப் பாடத்தில் வரிசையாகப் பார்ப்போம்.

1. கேள்வியைச் சரியாகக் கேட்போம்

"இந்த டாக்டர் காப்பீடு எடுத்துக்கொள்வாரா?" என்றுதான் பெரும்பாலோர் விசாரிக்கிறோம். நம் நாட்டில் காப்பீட்டு ஒப்பந்தம் பொதுவாக மருத்துவமனையோடு செய்யப்படுகிறது. ஒரே மருத்துவர் காலையில் ஒரு மருத்துவமனையிலும், மாலையில் தம் சொந்த கிளினிக்கிலும், வாரம் ஒருநாள் வேறு ஊரிலும் நோயாளிகளைப் பார்க்கக்கூடும். இவற்றில் ஓர் இடம் திட்டத்தில் இருக்கலாம், மற்றவை இல்லாமல் போகலாம்.

எனவே மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "எனக்கு என்ன சிகிச்சை? அதை எந்த மருத்துவமனையில் செய்வீர்கள்? என் அட்டை செல்லும் மருத்துவமனை எதிலாவது நீங்கள் பார்க்கிறீர்களா?" கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. மருத்துவர்கள் அன்றாடம் சந்திக்கும் கேள்விதான் இது.

2. எந்த மருத்துவர்?

முதலில் அருகிலுள்ள பொது மருத்துவரையோ அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவையோ அணுகி, எந்தத் துறை நிபுணர் தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதய நோய்க்கே இரு வகை நிபுணர்கள் உண்டு. ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைப்பவர் இதயநோய் மருத்துவர். அவர் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் டி.எம். என்ற பட்டம் இருக்கும். பைபாஸ் செய்பவர் இதய அறுவை சிகிச்சை நிபுணர்; அவருக்கு எம்.சிஎச். பட்டம் இருக்கும். இரண்டுக்கும் இணையாக டி.என்.பி. பட்டம் பெற்றவர்களும் உண்டு.

மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் சரிபார்க்கலாம். பெண் நோயாளிக்குப் பெண் மருத்துவர் வேண்டுமென்றால் அதையும் சேரும் முன்பே கேளுங்கள். அறுவைக்கூடத்தின் வாசலில் நின்று கேட்டால் மாற்ற நேரம் இருக்காது.

3. அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தால்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைமுறையில் உள்ளது. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் ரேஷன் அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தில் சேரலாம். நோய் வரும் வரை காத்திருக்காமல் இப்போதே பதிந்துகொள்வது நல்லது.

இத்திட்டத்தில் கவனிக்க வேண்டியவை மூன்று:

முதலாவது, மருத்துவமனை திட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது. அங்கீகாரம் துறைவாரியாகத் தரப்படுகிறது. கண் சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்ற இடத்தில் இதய சிகிச்சைக்கு அட்டை செல்லாமல் போகலாம்.

இரண்டாவது, உங்கள் சிகிச்சை திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சிகிச்சைக்கு முன்பே திட்டத்தின் ஒப்புதல் வர வேண்டும். "முதலில் பணம் கட்டுங்கள், பிறகு பார்க்கலாம்" என்றால், கட்டுவதற்கு முன் கட்டணமில்லா எண்ணான 1800 425 3993இல் கேளுங்கள். ஒப்புதல் பெற்ற சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்கக்கூடாது.

அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் உள்ளன என்பதை மறந்துவிடாதீர்கள்.

4. தனியார் பாலிசி இருந்தால்

பாலிசி அட்டையின் பின்புறத்தில் நிறுவனத்தின் உதவி எண் இருக்கும். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் ஒருமுறை, அந்த உதவி எண்ணில் ஒருமுறை என இரண்டு இடத்திலும் கேளுங்கள். மருத்துவமனைப் பட்டியல் அவ்வப்போது மாறும். சென்ற ஆண்டு இருந்த இடம் இந்த ஆண்டு நீக்கப்பட்டிருக்கலாம். "எல்லா இன்சூரன்ஸும் உண்டு" என்ற பலகையை மட்டும் நம்பிச் சேர வேண்டாம். உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, கேஷ்லெஸ் உண்டா என்று கேளுங்கள். கேஷ்லெஸ் இல்லையென்றால் முழுப் பணத்தையும் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகுதான் கேட்டுப் பெற வேண்டியிருக்கும்.

அறை வாடகை வரம்பையும் பாருங்கள். பாலிசியில் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்றிருக்க, 10,000 ரூபாய் அறையில் தங்கினால் இழப்பு அந்த 5,000 மட்டும் என்று நினைக்கிறோம். பல பாலிசிகளில் மருத்துவர் கட்டணம், அறுவைக்கூடக் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் பாதி பிடிக்கப்படும்.

முன்பே இருந்த சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024இல் வந்த விதிப்படி அது 3 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. பாலிசி எடுக்கும்போது நோயை மறைத்தால், பணம் தேவைப்படும் நாளில் கோரிக்கை மறுக்கப்படும்.

அதே ஆண்டின் விதிகள்படி, கேஷ்லெஸ் கோரிக்கை வந்த 1 மணி நேரத்துக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். வீடு திரும்பும்போது 3 மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும். இழுத்தடித்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

5. அவசர நேரத்தில்

நெஞ்சுவலி, பக்கவாதம், விபத்து என்றால் பட்டியலைத் தேட வேண்டாம். 108ஐ அழையுங்கள், அருகிலுள்ள தகுதியான மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நோயாளி உள்ளே போனபின் குடும்பத்தில் ஒருவர் காப்பீட்டு வேலையைப் பார்க்கட்டும். தனியார் பாலிசி என்றால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். சாலை விபத்துக்கு, முதல் 48 மணி நேரச் சிகிச்சையை வரம்புக்குட்பட்டு அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் முதல் உள்ளது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இதற்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை.

6. மறுத்தால் என்ன செய்வது?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அரசுத் திட்டம் என்றால் மேற்சொன்ன எண்ணில் புகார் செய்யலாம்; திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் மனு கொடுக்கலாம். தனியார் பாலிசி என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியாக இல்லாவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

இந்த வாரப் பயிற்சி

குடும்பத்தோடு அமர்ந்து ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்:

அ) வீட்டில் என்ன காப்பீட்டு அட்டை உள்ளது? எண் என்ன? வாப்பா, உம்மா உட்பட யார் யார் பெயர் அதில் உள்ளது?
ஆ) இதயம், மகப்பேறு, எலும்பு முறிவு ஆகிய மூன்றுக்கும் அந்த அட்டை செல்லும் அருகிலுள்ள மருத்துவமனை எது?
இ) இரவில் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அட்டையும் ஆதாரும் எங்கே இருக்கின்றன? வீட்டில் எத்தனை பேருக்கு அந்த இடம் தெரியும்?

எழுதிய தாளை ரேஷன் அட்டையோடு வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியே வாழும் முதியோருக்கும் நீங்களே உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். அட்டையால் முடியும் செலவை அட்டை பார்த்துக்கொண்டால், ஜமாஅத்தின் உதவித் தொகை எந்தத் திட்டத்திலும் இடம்பெறாத ஏழைக்குப் போய்ச் சேரும்.