கைவிரித்த பிறகும் வைத்தியம் உண்டு

அப்பாவுக்கு வாய்ப்புற்று. கன்னத்தில் தொடங்கியது கழுத்துவரை பரவிவிட்டது. கதிர்வீச்சுக்குப் பிறகும் அடங்காமல் திரும்ப வந்தபோது, "இனி வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க" என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். "கைவிரிச்சுட்டாங்களாம்" என்று ஆண்டிபட்டிப் பக்கத்து எங்கள் ஊரில் பேச்சாகிவிட்டது.

நோய் போகாவிட்டாலும் வலியைக் குறைக்கலாம், புண்ணின் நாற்றத்தைப் போக்கலாம், பயத்தைத் தணிக்கலாம். அதற்கான ஆட்கள் பெரும்பாலும் நம் ஒன்றியத்திலேயே இருக்கிறார்கள். என்ன வேண்டும் என்று தெரிந்து கேட்க வேண்டும். அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் நானும் தம்பியும் தெரிந்துகொண்டவை இவை.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் பலரும் பிரஷர், சுகர் மாத்திரை கொடுப்பதற்கானது என்றே நினைக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸும், கை காலை அசைத்துப் பழக்கும் பிசியோதெரபிஸ்டும் அதில் உண்டு. உங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அக்காவிடம் "நோய் ஆதரவு சேவை வேணும்" என்று சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் நகலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துப் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

வலிக்குக் கடிகாரம் பார்த்து மருந்து

வலி வந்தபின் மாத்திரை கொடுப்பது எங்கள் பழக்கம். "வலி வர்றதுக்கு முன்னாடியே கொடுக்கணும்" என்றார் அப்படி வீட்டுக்கு வந்த நர்ஸ். மார்ஃபின் மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்தார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இடையில் வலி கிளம்பினால் கூடுதலாக எவ்வளவு என்பதையும் அவரே குறித்துக் கொடுத்தார். "அது போதை மருந்தாச்சே, பழகிருமே" என்று பெரியப்பா தடுத்தார். மருத்துவர் கண்காணிப்பில், வலிக்காகச் சரியான அளவில் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம். இந்த மருந்து எளிதில் கிடைப்பதற்காகத்தான் போதைப்பொருள் சட்டத்தையே 2014இல் திருத்தினார்கள். ஆனாலும் அனுமதி பெற்ற மருத்துவமனைகளில்தான் கிடைக்கும் என்பதால், எங்கே கிடைக்கும் என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மார்ஃபின் மலத்தை இறுக்கிவிடும். அதற்கான மாத்திரையையும் முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

புண்ணும் நாற்றமும்

அப்பாவை வலியைவிட அதிகமாக வதைத்தது நாற்றம்தான். பேரப்பிள்ளைகளைக் கிட்டே வரவேண்டாம் என்பார். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் பழைய கட்டை நன்றாக நனைத்து எடுத்தால் ஒட்டிப் பிய்யாது, ரத்தமும் வராது என்று நர்ஸ் செய்து காட்டினார். மருத்துவர் சொன்னபடி மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினோம். சில நாளிலேயே நாற்றம் குறைந்தது. பிள்ளைகள் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்கள். ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும் என்பதால் பகலிலும் கொசுவலை கட்டினோம்.

படுக்கைப்புண் வராமல்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்திருக்கும் இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள். தண்ணீர்ப் படுக்கையோ காற்றுப் படுக்கையோ வாங்குவதற்கு முன் ஊரில் விசாரியுங்கள். யார் வீட்டுப் பரணிலாவது ஒன்று கிடக்கும். ஆனால், படுக்கை வந்துவிட்டது என்பதற்காகப் புரட்டுவதை நிறுத்தக் கூடாது.

"ஒரு வாய் சாப்பிடுங்க"

பார்க்க வருகிறவர்களின் அன்பெல்லாம் சாப்பாட்டில்தான் வந்து நிற்கும். கடைசிக் கட்டத்தில் உடம்பே உணவை வேண்டாம் என்று தள்ளும். வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போகலாம். கேட்டால் மட்டும், தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்து, கஞ்சியோ இளநீரோ ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். விழுங்க முடியாதபோது ஈரத்துணியால் உதட்டையும் வாயையும் நனைத்துக்கொண்டே இருங்கள். சாப்பிடாததை வைத்து, வீட்டுப் பெண்களை "சரியா கவனிக்கல" என்று யாராவது பேசினால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

மறைப்பதா, சொல்வதா?

அப்பாவிடம் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது என்று சொந்தபந்தமே கூடித் தீர்மானித்திருந்தது. நர்ஸ் அவரிடமே கேட்டார்: "ஐயா, உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" "இது குணமாகுமா ஆகாதா, அதை மட்டும் சொல்லு தாயி." "நோய் போகாது ஐயா. வலி இல்லாம பாத்துக்கலாம். நான் வந்துக்கிட்டே இருப்பேன்." அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார். மறுநாள் தம்பியை அழைத்து, யாருக்குக் கடன் பாக்கி, எந்த வரப்பில் தகராறு என்று எல்லாவற்றையும் சொன்னார். எல்லாரிடமும் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. கேட்கிறவருக்குக் கேட்ட அளவு சொன்னால் போதும்.

பார்த்துக்கொள்பவரும் மனுஷிதான்

அம்மா ராத்திரி முழுக்க விழித்திருந்து துரும்பாகிவிட்டார். நாங்கள் முறை போட்டுக்கொண்டோம். "ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க" என்பவர்களிடம் தயங்காமல் ஒரு வேலையைச் சொல்லுங்கள்: மருந்து வாங்கி வருவது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, ஒரு ராத்திரி துணைக்குப் படுப்பது.

முன்கூட்டியே ஒரு முடிவு

நடுராத்திரி மூச்சுத் திணறினால் 108ஐக் கூப்பிடுவதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா? இதை நோயாளி பேச முடிகிறபோதே அவரிடம் கேட்டுவிடுங்கள். வீட்டில்தான் என்றால், அந்த நேரத்துக்கு என்ன மருந்து, யாருக்குப் போன் செய்வது என்பதை மருத்துவரிடமோ நர்ஸிடமோ கேட்டு எழுதி, கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள். வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ கடைசி நிமிடத்தில் வந்து "ஏன் ஐசியுவில் சேர்க்கல?" என்று கேட்காமலிருக்க, முன்பே போன் போட்டு அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். நோயாளி விரும்பியது என்னவென்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தால், பிறகு ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்ள வேண்டி வராது.