காப்பு நகலும் பிழை காணும் முறையும்

காவிரிக் கரையில் வாழும் நமக்கு ஆடிப்பெருக்கு புதிதன்று. பனையோலை ஏடுகள் காலப்போக்கில் செல்லரித்தும் ஒடிந்தும் போகும் தன்மையன. ஆகவே அவற்றைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிக்கொண்டு, பழைய ஏட்டை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடுவது முன்னோர் வழக்கம். நாளடைவில் பெயர்த்தெழுதும் வேலை நின்றது. ஆற்றில் விடும் வேலை மட்டும் நிற்கவில்லை. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர், இவ்வாறு வெள்ளத்தோடு போன சுவடிகளைப் பற்றி வருந்தி எழுதியிருக்கிறார். நகல் இருக்கிறது என்ற நம்பிக்கை ஒன்று. நகல் இருப்பது வேறொன்று. இவ்வேறுபாடு ஓலைக்கு மட்டும் உரியதன்று. கணிப்பொறிக்கும் அப்படியே பொருந்தும்.

இன்று பட்டா, வங்கிக் கணக்கு, தேர்வு மதிப்பெண், மருத்துவமனைச் சீட்டு அனைத்தும் சர்வர்களில் உள்ளன. பெரிய நிறுவனங்கள் அவற்றுக்குக் காப்பு நகல் எடுக்க நெட்பேக்கப், காம்வால்ட், வீம் போன்ற மென்பொருள்களைப் பயன்படுத்துகின்றன. குறித்த நேரத்தில், பெரும்பாலும் நள்ளிரவில், பணி தானே தொடங்கும். ஞாயிறன்று முழு நகல். மற்ற நாள்களில் முந்தைய நாளுக்குப் பின் மாறியவை மட்டும். இடமும் நேரமும் மிச்சம்தான். ஆனால் வியாழக்கிழமை நிலையைத் திரும்பப் பெற வேண்டுமாயின் ஞாயிறு முதல் வியாழன் வரை எல்லா நகலும் தேவை. செவ்வாயன்று எடுத்தது கெட்டிருந்தால், புதனும் வியாழனும் நன்றாக இருந்தும் பயனில்லை.

பணி தவறினால் மென்பொருள் காரணத்தைக் குறியீட்டால் சொல்லும். நெட்பேக்கப்பில் 0 என்றால் வெற்றி. 58 என்றால் நகலெடுக்க வேண்டிய கணிப்பொறியோடு தொடர்பு கிடைக்கவில்லை. அக்கணிப்பொறி இயங்குகிறதா, பெயர் சரியான முகவரிக்குப் போகிறதா, தீச்சுவர் எனப்படும் ஃபயர்வால் வழிமறிக்கிறதா என்று இவ்வரிசையிலேயே பார்க்க வேண்டும். 96 என்றால் எழுதப் புதிய நாடா இல்லை. இதற்குப் புது நாடா வாங்கிப் போடுவதற்கு முன், பழைய நகல்களை எத்தனை நாள் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறோம் என்பதைப் பார்ப்பது நல்லது. 196 என்றால் ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டதால் பணி தொடங்கவே இல்லை. முன்வரிசையில் இருந்த பணி இழுத்துக்கொண்டு போயிருக்கும். குற்றம் அதனிடம்தான், நின்றுபோன பணியிடம் அன்று.

இவற்றுள் எனக்கு மிகவும் அஞ்சத்தக்கதாகத் தோன்றுவது 1 என்னும் குறியீடு. பணி ஓரளவு வெற்றி என்பது அதன் பொருள். திறந்திருந்த சில கோப்புகளைப் படிக்க முடியாமல் விட்டுவிட்டு, மற்றவற்றை எடுத்துவிட்டேன் என்கிறது. எப்போதும் திறந்தே இருக்கும் கோப்பு எது? தரவுத்தளம்தான்! பதிவேட்டை எடுக்காமல் பதிவேடு வைத்த அலமாரியின் சாவியை மட்டும் எடுத்து வந்ததற்கு ஒப்பு இது. நாள்தோறும் 1 வந்தால் அது பழகிப்போகும். பிறகு யாரும் பார்ப்பதில்லை.

நிற்க. குறியீடு வந்தால்கூடப் பரவாயில்லை. வராமலே தவறுவதற்கு ஒரு சான்று உண்டு. உலகெங்கும் நிரலர்கள் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில், 2017 சனவரி 31 அன்று ஒரு பொறியாளர், துணைச் சர்வர் என்று எண்ணித் தலைமைச் சர்வரில் இருந்த தரவுத்தளத்தை அழிக்கத் தொடங்கினார். உடனே நிறுத்தினார். ஆயினும் சுமார் 300 ஜிகாபைட்டில் ஏறத்தாழ 4.5 ஜிகாபைட்டே எஞ்சியது. சரி, நேற்றைய நகல் இருக்கிறதே என்று சேமிப்பிடத்தைத் திறந்தால், அது வெறுமையாக இருந்தது.

காரணத்தை ஒவ்வொரு படியாகத் தொடர்ந்து சென்றனர். தரவுத்தளம் 9.6 பதிப்பு, நகலெடுக்கும் நிரலோ 9.2 பதிப்பாக இயங்கியது. பதிப்பு பொருந்தாமையால் பணி நின்றுவிட்டது. நின்றதை அறிவிக்க மின்னஞ்சலும் புறப்பட்டிருக்கிறது! ஆனால் அனுப்பியவர் உண்மையானவர்தாமா என்று சரிபார்க்கும் சான்று அம்மடலில் இல்லை. ஆகவே பெறும் சர்வர் அதைத் தள்ளிவிட்டது. எல்லாம் நலம் என்று நிறுவனம் நம்பியிருந்தது. வேறொரு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்திற்கு முன் கையால் எடுத்து வைத்திருந்த பிம்பப் பிரதியே காப்பாற்றியது. அதை மீட்டெடுக்கவும் சுமார் 18 மணி நேரம் ஆயிற்று. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் பதிந்தவை போயின. பயனர்களின் நிரல்கள் தப்பினவே தவிர, சுமார் 5,000 திட்டப் பதிவுகளும் அதே அளவு கருத்துரைகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் இழப்பு. நடந்ததனைத்தையும் அந்நிறுவனம் மறைக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது. நாம் படித்தறிய அதனால்தானே முடிகிறது?

பிழை காண்பவர் இதிலிருந்து கொள்ள வேண்டிய முறை ஒன்றுண்டு. “தவறியது என்று மடல் வந்ததா?” என்று கேட்பது போதாது, “முடிந்தது என்று மடல் வந்ததா?” என்று கேட்க வேண்டும். நகலின் அளவையும் நாள்தோறும் குறித்து வரவேண்டும். நேற்று 40 ஜிகாபைட், இன்று 2 என்றால் குறியீடு 0 ஆயினும் நம்பலாகாது. பணி இயங்கும் கணக்கின் கடவுச்சொல் காலாவதியாயிற்றா, புதிதாகப் பூட்டிய டிஸ்க்கு நகல் பட்டியலில் சேர்ந்ததா என்பவையும் அடிக்கடி மறக்கப்படுபவை. முக்கியமாக, முதல் பிழை எந்த நாளில் வந்தது, அந்நாளில் என்ன மாற்றினார்கள் என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

நகலை எங்கே வைப்பது என்ற வினாவும் எழலாம். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டன. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. சீட்டுப் பதிவும் சோதனை முடிவுகளும் தாளில் எழுதப்பட்டன. தொலைதூரத்திலிருந்து வந்த நோயாளிகள் வரிசையில் நின்றனர். இறுதியில் தாக்குதலுக்கு ஆளாகாத ஒரு காப்புச் சர்வரிலிருந்தே தரவுகள் மீட்கப்பட்டன என்று மைய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அந்த ஒன்றும் அதே பூட்டுக்குள் சிக்கியிருந்தால் என்னவாகியிருக்கும்? எனவேதான் மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில் என்று அறிஞர் வகுத்துள்ளனர். நம்மில் பலர் ஆய்வேட்டை ஒரே பென் டிரைவில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்குகிறோம். அது வேறு கதை.

எஞ்சியிருப்பது மீட்டுப் பார்க்கும் சோதனை. ஏடு பெயர்த்தெழுதியோர் மூலத்தோடு ஒப்புநோக்கினர், இங்கும் அதுவே. மாதம் ஒருமுறை, வேலையில் இல்லாத வேறொரு கணிப்பொறியில் நகலை விரித்து, தரவுத்தளம் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரிசைகளின் எண்ணிக்கை நகலெடுத்தபோது குறித்த எண்ணிக்கையோடு ஒத்துவர வேண்டும். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் பதிவேட்டில் எழுத வேண்டும். அதைச் செய்பவர் வழக்கமாகப் பணியைக் கவனிப்பவராக இல்லாமல், எழுதிவைத்த குறிப்பை மட்டும் பார்த்துச் செய்யும் இன்னொருவராக இருப்பது நலம்.