நாளைய ஆட்டக்காரருக்கு இன்று விலை

நம் நாட்டில் பேஸ்பால் ஆடுவோர் குறைவு. இடைநிலைப்பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியவர்களுக்கு அதன் விதிகள் ஓரளவு புரியும். மற்றவர்கள் ஆங்கிலப் படங்களில் பார்த்ததோடு சரி. நானும் அப்படித்தான் இருந்தேன். சென்ற பருவத்தில் புள்ளியியல் பாடத்துக்கான இடுபணியாக ஒரு பழைய தரவரிசைப் பட்டியலை மறுபடியும் வரிசைப்படுத்த வேண்டியிருந்தது. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

'பேஸ்பால் அமெரிக்கா' என்ற இதழ் 1981இல் தொடங்கப்பட்டது. தலைநிலைப் போட்டிகளில் இன்னும் காலூன்றாத இளம் ஆட்டக்காரர்களுள் சிறந்த நூறு பேரை அவ்விதழ் 1990 முதல் ஆண்டுதோறும் வரிசைப்படுத்தி வருகிறது. எனக்குக் கிடைத்தது 2001ஆம் ஆண்டுப் பட்டியல். அதில் முதலிடம் ஜோஷ் ஹாமில்டனுக்கு. ஆல்பர்ட் புஹோல்ஸ் என்பவருக்கு 42ஆம் இடம்.

இருவரும் 1999ஆம் ஆண்டு வீரர் தேர்வில் வந்தவர்கள். ஹாமில்டன் நாடு முழுவதிலும் முதல் ஆளாக அழைக்கப்பட்டார். அவரை எடுத்த தம்பா பே அணி, கையொப்பமிடுவதற்கு மட்டும் 3.96 மில்லியன் டாலர் கொடுத்தது. புஹோல்ஸ் 13ஆம் சுற்றில், 402ஆவது ஆளாக செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குச் சென்றார். தம்பா பே அணிக்காகத் திறன் தேடிய ஒருவர், புஹோல்ஸை எடுங்கள் என்று மன்றாடியதாகவும் அணி செவிசாய்க்காததால் வேலையையே விட்டதாகவும் சொல்வார்கள்.

பட்டியல் வெளியான அதே ஆண்டில் புஹோல்ஸ் தலைநிலைக்கு உயர்ந்து சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருதை வென்றார். 2022இல் ஓய்வு பெறும்போது அவர் அடித்திருந்த ஹோம் ரன்கள் 703. ஹாமில்டனோ காயத்தாலும் போதைப்பழக்கத்தாலும் பல ஆண்டுகளை இழந்தார், தடையும் விதிக்கப்பட்டது. 2006 இறுதியில், பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெறாத வீரர்களைப் பிற அணிகள் எடுத்துக்கொள்ளும் தேர்வில் அவருடைய விலை 50,000 டாலர். 2007இல் சின்சினாட்டி அணிக்காகத் தலைநிலையில் அடியெடுத்து வைத்தார். 2010இல் டெக்சஸ் அணிக்காக ஆடி, தம் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். அவருக்கு 3.96 மில்லியன் கொடுத்த தம்பா பே அணிக்கு ஒரே ஒரு தலைநிலை ஆட்டம்கூட அவர் ஆடித் தரவில்லை.

அப்படியானால் ஹாமில்டனை முதலிடத்தில் வைத்தது தவறா? இதற்கு விடை சொல்ல, இவர்கள் எதை 'மதிப்பு' என்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தலைநிலையில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணிக்கும் கீழே சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என நான்கு படிகளில் நான்கு மைனர் லீக் அணிகள். 2021ஆம் ஆண்டுச் சீரமைப்புக்குப் பின் இவை மொத்தம் 120. இந்த ஏற்பாட்டுக்கு 1920களில் வடிவம் கொடுத்தவர் கார்டினல்ஸ் அணியின் பிரான்ச் ரிக்கி. அமெரிக்கர்கள் இதனைப் 'பண்ணை' என்கிறார்கள். எனக்கென்னவோ நாற்றங்கால் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

தலைநிலைக்கு வரும் வீரர் ஆறு ஆண்டுச் சேவையை முடிக்கும்வரை அவரை அழைத்து வந்த அணிக்கே உரியவர். பொதுவாக முதல் மூன்று ஆண்டுகள் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே கிடைக்கும். அடுத்த மூன்று ஆண்டுகளில் நடுவர் முறையில் ஊதியம் ஏறும். அதற்குப் பின்னரே அவர் தம் விலையைத் தாமே பேசலாம். மைக் டிரவுட்டைப் பாருங்கள். 2009 தேர்வில் 25ஆவதாக எடுக்கப்பட்டவர். 2012இல் சிறந்த புதுமுக ஆட்டக்காரர். 2013இல் அவருடைய ஊதியம் 510,000 டாலர். அதே மனிதரோடு 2019இல் எழுதப்பட்ட ஒப்பந்தம் 12 ஆண்டுகளுக்கு 426.5 மில்லியன். ஆறு ஆண்டுகளில் ஒருவர் தேடித்தரும் வெற்றிகளைச் சந்தையில் வாங்கினால் என்ன விலையாகும்? அதிலிருந்து அணி அவருக்குக் கொடுக்கும் ஊதியத்தைக் கழித்தால் வரும் மிச்சமே நீண்டகால மதிப்பு. ஆகவே, இவ்வகைப் பட்டியல் 'யார் சிறந்தவர்' என்று சொல்வதாகத் தோன்றினாலும் அடியில் கிடப்பது 'யாரால் மிச்சம் அதிகம்' என்ற கணக்குத்தான்.

இனி, அந்த மிச்சத்தை எப்படி முன்கூட்டி ஊகிக்கிறார்கள் என்று காண்போம். திறன் தேடுநர்கள் ஐந்து கூறுகளை அளக்கிறார்கள்: பந்தைத் தொடும் திறன், அடியின் வலிமை, ஓட்டம், தடுத்தாடல், எறிதல். ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை புள்ளி உண்டு. 50 என்றால் தலைநிலைச் சராசரி. பத்துப் புள்ளிக்கு ஏறத்தாழ ஒரு திட்டவிலக்கம். நம் புள்ளியியல் விரிவுரைகளில் வரும் மணி வடிவ வளைகோடு இங்கே மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இவற்றைவிட என்னைக் கவர்ந்தது வயதுக் கணக்கு. 24 வயதில் சிங்கிள் ஏ நிலையில் வெளுத்து வாங்குபவரைவிட, 19 வயதில் டபுள் ஏ நிலையில் ஓரளவு தாக்குப்பிடிப்பவரையே இவர்கள் மேலே வைப்பார்கள். 2018இல் ஹுவான் சோட்டோ சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ ஆகிய மூன்று படிகளையும் ஒரே பருவத்தில் கடந்து, மே மாதத்திலேயே தலைநிலையில் ஆடினார். அப்போது அவருக்கு வயது 19. ஆடும் இடத்தையும் கணக்கில் சேர்ப்பார்கள். கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டர் மேலே இருக்கும் அல்புகர்க்கி நகரில் காற்று மெலிவு. பந்து தூரமாகப் பறக்கும். அங்கே அடித்த ஹோம் ரன்னை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

இதைப் படித்தபோது என் நினைவு 2016க்குப் போய்விட்டது. தமிழ்ப்பள்ளியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபோது, மலாய்மொழித் தேர்ச்சி போதாதென்று என்னைப் புதுமுக வகுப்பில் போட்டார்கள். மறு ஆண்டு படிவம் ஒன்றில் அமர்ந்தபோது மற்றவர்களைவிட எனக்கு ஒரு வயது கூடுதல். கணிதத்தில் முதலாவதாக வந்ததும் ஆசிரியர் தட்டிக்கொடுத்தார். பேஸ்பால்காரர்களாக இருந்தால் அந்த ஒரு வயதைக் கழித்திருப்பார்கள். ஆனால், அதற்கு முந்தைய ஆண்டில் என் மதிப்பெண்ணைப் பார்க்கும்போது, எந்தக் காற்றில் அடித்த பந்து அது என்றும் கேட்டிருப்பார்கள் அல்லவா?

ஆட்டக்காரர் நிற்கும் இடமும் முக்கியம். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஆட்டக்காரர் விரைவும் வலுவான கையும் உள்ளவராக இருக்க வேண்டும், கிடைப்பது அரிது. முதல் தளத்தில் நிற்பவர் நன்றாக அடித்தால்தான் பிழைப்பார். பந்துவீச்சாளர்கள் நிலை வேறு; அவர்களை நம்பிக் கணக்குப் போடுவதே வீண் என்று கேலி செய்வோரும் உண்டு. தோளும் முழங்கையும் எப்போது கைவிடும் என்று யாருக்குத் தெரியும்? 1992ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பெற்ற பிரியன் டெய்லர் நியூயார்க் யாங்கீஸ் எடுத்த இடக்கைப் பந்துவீச்சாளர். 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் தோள் சிதைந்தது. தலைநிலையை அவர் எட்டவே இல்லை. 1990 முதல் 2003 வரையிலான நூற்றுவர் பட்டியல்களை ஆராய்ந்த கணக்கு ஒன்று, அவற்றில் இடம்பெற்றவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் எதிர்பார்ப்பை எட்டவில்லை என்கிறது. பந்துவீச்சாளர்கள் தோற்ற விகிதம் அதனினும் அதிகம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனையே. 'அ' 19 வயது ஷார்ட்ஸ்டாப், தலைநிலைக்கு வர நான்கு ஆண்டுகள் ஆகும். 'ஆ' 23 வயது முதல் தளக்காரர், நாளைக்கே வரலாம். நட்சத்திர வீரர் ஆறு ஆண்டுகளில் அணிக்கு 24 வெற்றிகளைக் கூடுதலாகத் தருவார் என்றும், சாதாரண வீரர் 8 தருவார் என்றும் வைத்துக்கொள்வோம். 'அ' நட்சத்திரமாக 20 விழுக்காடு, சாதாரண வீரராக 20 விழுக்காடு, ஒன்றுமில்லாமல் போக 60 விழுக்காடு வாய்ப்பு. எதிர்பார்ப்பு மதிப்பு 6.4. 'ஆ'வுக்கு முறையே 2, 68, 30 விழுக்காடு. எதிர்பார்ப்பு மதிப்பு 5.92. 'அ' முந்திவிட்டார். ஆனால், நான்கு ஆண்டு கழித்து வரும் வெற்றி இன்றைய வெற்றிக்கு ஈடாகாது. ஆண்டுக்கு 5 விழுக்காடு தள்ளுபடி செய்தால் 'அ'வின் 6.4 சுருங்கி 5.27 ஆகிறது. இப்போது 'ஆ' முந்துகிறார்! அதோடும் முடியவில்லை. களத்தில் ஒன்பது இடங்கள்தாம். மூன்று சாதாரண வீரர்களைச் சேர்த்தால் எட்டு வெற்றி வீதம் 24 வந்துவிடும்; ஆனால் மூவரையும் ஒரே இடத்தில் நிறுத்த முடியாதே. அதனால் நட்சத்திரத்துக்குக் கூடுதல் எடை போட்டால் மறுபடியும் 'அ' மேலே வருகிறார்.

இதில் சரியான விடை இருக்கும் என்று முதலில் நினைத்தேன். சிகாகோ கப்ஸ் அணி அந்த நினைப்பைக் கெடுத்தது. 2016 ஜூலையில் அவ்வணி கிளேபர் டோரஸ் என்ற 19 வயது ஷார்ட்ஸ்டாப்பையும் வேறு மூவரையும் யாங்கீஸ் அணிக்குக் கொடுத்து, அந்தப் பருவத்தோடு ஒப்பந்தம் முடியவிருந்த ஒரு பந்துவீச்சாளரை வாங்கியது. என் 'அ' அப்படியே உயிர்பெற்று வந்தது போன்ற பையன் டோரஸ். பின்னர் 2018இலும் 2019இலும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். நீண்டகாலக் கணக்குப்படி கப்ஸுக்கு நட்டம். ஆனால், 1908க்குப் பின் 108 ஆண்டுகள் காத்திருந்த வெற்றிக் கிண்ணத்தை 2016லேயே அவர்கள் தூக்கினார்கள். அந்த ரசிகர்களிடம் போய் 5 விழுக்காடு தள்ளுபடி பற்றிப் பேச எனக்குத் துணிவில்லை.

அதே கப்ஸ் அணியின் இன்னொரு கதை அவ்வளவு இனிப்பானதன்று. கிரிஸ் பிரையண்ட் 2015 பயிற்சிப் போட்டிகளில் 9 ஹோம் ரன்கள் அடித்தார். இருந்தும் பருவத் தொடக்கத்தில் அவர் டிரிபிள் ஏ அணிக்கு அனுப்பப்பட்டார். ஏப்ரல் 17ஆம் தேதிதான் மேலே அழைத்தார்கள். ஓராண்டுச் சேவை என்று கணக்கிட 172 நாள் வேண்டும். அவருக்குக் கிடைத்தது 171. அந்த ஒரு நாளால் அவர் அணிக்கு மேலும் ஓராண்டு கட்டுப்பட்டார். அவர் தொடுத்த முறையீடு 2020இல் தள்ளுபடியானது. அணியின் 'மதிப்பு' உயர்ந்தது என்று நாம் எழுதும் அதே வரியில், ஓர் இளைஞர் தம் விலையைப் பேச இன்னோர் ஆண்டு காத்திருந்தார் என்பதும் அடங்கியிருக்கிறது.

2022ஆம் ஆண்டு ஒப்பந்தம் இதற்கு ஒரு மருந்து கண்டது. அதன்படி, குறிப்பிட்ட மூன்று நூற்றுவர் பட்டியல்களில் இரண்டிலாவது இடம்பெற்ற இளைஞரைத் தொடக்கத்திலேயே அழைத்து முழு ஆண்டும் ஆடவிட்டு, அவர் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருதை வென்றால், அணிக்கு வீரர் தேர்வில் கூடுதலாக ஓர் அழைப்பு கிடைக்கும். சியாட்டல் அணி ஹூலியோ ரொட்ரிகஸால் 2023இல் அப்படி ஒன்றைப் பெற்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், இதழாசிரியர்கள் ஊகித்து எழுதும் பட்டியல் ஒப்பந்தச் சட்டத்துக்குள் நுழைந்துவிட்டதைக் கவனியுங்கள். பட்டியலில் இல்லாதவரை முன்கூட்டி அழைத்தால் அணிக்கு அந்தப் பரிசு இல்லை. ஹோசே அல்டுவே வெனிசுவேலாவிலிருந்து 15,000 டாலருக்கு வந்தவர். உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். நூற்றுவர் பட்டியலில் ஒரு முறைகூட இடம்பெறாதவர். 2017இல் தம் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்.

பட்டியலுக்கு வெளியே ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். 2023இல் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் தங்கள் முதல் கூட்டு ஒப்பந்தத்தைப் பெற்றபோது சிங்கிள் ஏ ஊதியம் ஆண்டுக்கு 26,200 டாலர் ஆனது. அதே ஆண்டில் தலைநிலைக் குறைந்தபட்சம் 720,000. இவ்விரு எண்களுக்கும் இடையில்தான் எல்லாத் தரவரிசைகளும் நடக்கின்றன.

என் இடுபணிக்கு வருகிறேன். 2001 பட்டியலை மறுபடி வரிசைப்படுத்தியபோது புஹோல்ஸ் முதலிடத்துக்கு வந்தார், அதில் வியப்பில்லை. ஹாமில்டனிடம்தான் பேனா நின்றது. தம்பா பே அணிக்கு அவர் மதிப்பு சுழியம். 2001இல் கிடைத்த தகவலை வைத்துப் பார்த்தால் அவரை முதலிடத்தில் வைத்ததில் பெரிய பிழையும் இல்லை. விழுந்து, எழுந்து, ஒன்பது ஆண்டு கழித்து விருது வாங்கியவருக்குச் சுழியம் என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. எனவே அட்டவணையில் 'அணிக்கு', 'அவருக்கு' என்று இரண்டு பத்திகள் போட்டேன். விரிவுரையாளர் முதல் பத்திக்கு முழு மதிப்பெண் கொடுத்தார். இரண்டாவதன் தலைப்பைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'எந்த அலகில்?' என்று மட்டும் எழுதியிருந்தார்.