பயண பைக்கின் ஃபோர்க் ஆயில்: வீட்டிலேயே மாற்றும் முறை

மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்குக்குள் சுமையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பத் திரும்பத் துள்ளாமல் அடக்குவது எண்ணெய். ஹைட்ராலிக் முறையில் துள்ளலை அடக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்குடன் விற்பனைக்கு வந்த முதல் பைக், 1935ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ. ஆர்12. இன்றைய சாதாரண ஃபோர்க்கிலும் அதே அடிப்படைதான்: ஃபோர்க் அமுங்கி எழும்போது எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிப் பாய்கிறது, அந்தத் தடைதான் துள்ளலை நிறுத்துகிறது.

எஞ்சின் ஆயிலுக்கு ஃபில்டர் உண்டு. ஃபோர்க் ஆயிலுக்குக் கிடையாது. புஷ்ஷும் ஸ்பிரிங்கும் உரசி உதிரும் உலோகத் துகள் எல்லாம் எண்ணெயிலேயே தங்கிவிடும். சீல் வழியே ஈரமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். நாளடைவில் எண்ணெய் சாம்பல் நிறமாகி, நாற்றமெடுத்து, தன் தடிப்பை இழக்கிறது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் சட்டெனக் குனிவது, வேகத்தடை தாண்டிய பிறகும் ஹேண்டில் ஆடுவது, பைகளுடன் வளைவில் திரும்பும்போது வண்டி அலைவது ஆகியவை இதன் அடையாளங்கள். மாற்றம் மெல்ல மெல்ல நடப்பதால் ஓட்டுபவர் அதற்குப் பழகிவிடுகிறார். ஆகவே அடையாளம் தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கையேட்டில் கெடு இருந்தால் அதுவே கணக்கு. இல்லாவிட்டால், சுமையோடு நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு 20,000 கி.மீ. அல்லது இரண்டு ஆண்டு, எது முன்னால் வருகிறதோ அது, என்று வைத்துக்கொள்வது நல்லது.

எண்ணெய் வாங்கும்போது டப்பாவில் உள்ள 10டபிள்யூ போன்ற எண்ணை மட்டும் நம்ப முடியாது. ஒரு நிறுவனத்தின் 10டபிள்யூ இன்னொன்றின் 10டபிள்யூவைவிட இளக்கமாக இருக்கலாம். 40 டிகிரி செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் என்ற அளவே ஒப்பிடத் தக்கது. ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் ஒரே எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும்.

வண்டியை டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையைவிட்டு எழும்படி எஞ்சினுக்கு அடியில் ஜாக் கொடுக்க வேண்டும். வண்டி ஆடினால் வேலையைத் தொடங்கவே கூடாது. சக்கரத்தைக் கழற்றும் முன்பே மேல் கிளாம்பின் போல்ட்டைத் தளர்த்தி, ஃபோர்க் மூடியையும் கால் திருப்பு இளக்கிவிட வேண்டும். கால் தனியே கையில் வந்த பிறகு மூடியைத் திருப்புவது பெரும்பாடு. பிறகு காலிபர், சக்கரம், மட்கார்டு ஆகியவற்றை எடுக்கலாம். காலிபரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன் எடை பிரேக் ஹோஸில் இறங்கக் கூடாது. ஃபோர்க் குழாய் மேல் கிளாம்புக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து குறித்துக்கொண்டு, கீழ் கிளாம்பைத் தளர்த்திக் காலை இறக்க வேண்டும்.

மூடியின் கடைசிப் புரிகள் கழலும்போது உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் அதை மேலே எறியும். முகத்தை விலக்கி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துத் திருப்ப வேண்டும். கண்ணாடி அணிவது கட்டாயம். ஸ்பேசர், வாஷர், ஸ்பிரிங் வெளிவரும் வரிசையும், ஸ்பிரிங்கின் நெருக்கமான சுருள் எந்தப் பக்கம் இருந்தது என்பதும் ஒரு புகைப்படத்தில் இருந்தால் போதும். காலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பலமுறை அமுக்கி இழுத்தால் அடியில் படிந்த கசடும் வந்துவிடும். சில பழைய வண்டிகளில் அடியில் வடிகால் ஸ்க்ரூ உண்டு; அதன் வழியே வடித்தால் கசடு முழுதாக வெளியேறுவதில்லை.

இந்த வேலையின் உயிர்நாடி எண்ணெயின் மட்டம். எத்தனை மில்லி ஊற்றினோம் என்பது போதாது. பழைய எண்ணெய் உள்ளே கொஞ்சம் ஒட்டியே இருக்கும். எண்ணெய்க்கு மேலே அடைபட்டிருக்கும் காற்று இன்னொரு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. மட்டம் உயர்ந்தால் காற்றின் இடம் குறைந்து, ஃபோர்க் ஆழமாக அமுங்கும்போது கெட்டிப்படும். அளவு மீறினால் சீல் பிதுங்கும். 411 சி.சி. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் உள்ளதுபோன்ற 41 மி.மீ. குழாயில் 10 மில்லி கூடினாலே மட்டம் ஏறக்குறைய 1 செ.மீ. ஏறிவிடும்.

ஆகவே கையேட்டில் உள்ள அளவுக்குச் சற்றுக் கூடுதலாக ஊற்றி, குமிழி அடங்கி ஒரே சீரான தடை கையில் தெரியும்வரை மெதுவாக மேலும் கீழும் அசைக்க வேண்டும். பத்து நிமிடம் நிற்க வைத்து, ஸ்பிரிங் இல்லாமல், காலை முழுக்க அமுக்கி, செங்குத்தாகப் பிடித்து, குழாயின் விளிம்பிலிருந்து எண்ணெய்ப் பரப்பு வரை அளக்க வேண்டும். பெரிய சிரிஞ்சில் மெல்லிய டியூப் மாட்டி, டியூபில் அந்த ஆழத்தைக் குறித்து உள்ளே விட்டால், மிகுதியானது தானே உறிஞ்சப்பட்டுவிடும். இரு கால்களிலும் மட்டம் மில்லிமீட்டர் பிசகாமல் இருக்கும்வரை அவசரப்படக் கூடாது.

பொருத்தும்போது குழாயைக் குறித்த உயரத்தில் நிறுத்தி, கீழ் கிளாம்ப், மூடி, மேல் கிளாம்ப் என்ற வரிசையில் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். ஆக்சிலின் பக்க போல்ட்டை மட்டும் கடைசிக்கு வைக்க வேண்டும். சக்கரம் தரையில் நிற்க, முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கைச் சில முறை அமுக்கிய பிறகு அதை இறுக்கினால்தான் இரு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக அமரும். காலிபரை மாட்டியதும், லீவர் கெட்டிப்படும்வரை பிரேக்கை அடித்துவிட்டே வண்டியை நகர்த்த வேண்டும். பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல், கழிவு ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுக்க வேண்டும்.

முதல் ஓட்டம் முடிந்ததும் உள்குழாயில் எண்ணெய் வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். துடைத்த பிறகும் திரும்ப வந்தால் சீல் போய்விட்டது. அதை மாற்றாமல் நெடும்பயணம் கிளம்பாதீர்கள். வழியும் எண்ணெய் டிஸ்க்கில் பட்டால் முன் பிரேக் பிடிக்காது.