கடையில் வாங்குவதும் வீட்டில் கழற்றுவதும்

ஏர் ரைஃபிள் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது விலையைப் பற்றி இல்லை. எதைச் சுடப்போகிறீர்கள் என்றுதான். தென்னையில் ஏறும் குரங்கு, குளத்துக் கொக்கு என்று பதில் வந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வெடிமருந்தும் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். காகித இலக்கைத்தான் சுடப்போகிறேன் என்பவருக்கு ஒரு காப்பி உண்டு. மேற்கொண்டு வரும் பேச்சும் அவருக்குத்தான்.

நான் தக்கலைக்காரன். குளச்சலில் 1741இல் தோற்றுப்போன டச்சுப் படையின் டிலனாய், பிறகு திருவிதாங்கூருக்கே தளபதியாகி, பீரங்கி வார்த்த உதயகிரிக் கோட்டை எங்கள் ஊர்ப்பக்கம்தான். அந்த மண்ணின் வாசனை என்று பெருமையடிக்கலாம். ஆனால் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது, திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்தபின், சங்குமுகம் கடற்கரையில் பத்து ரூபாய்க்குப் பலூன் சுட்டபோது.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டரையும் குண்டின் ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். இரண்டில் ஒன்று தாண்டினாலும் வேண்டும். ‘பாயிண்ட் டூ டூ’ என்று ஆசை காட்டப்படும் 5.5 மில்லிமீட்டர் குழல், காற்றில் இயங்கினாலும் உரிமத்துக்குள் வந்துவிடும். கடையில் அடையாளச் சான்றின் நகலைக் கேட்டால் கொடுங்கள். பில்லை ரைஃபிள் பையிலேயே வைத்திருங்கள். பேருந்திலோ ஆட்டோவிலோ கொண்டுபோகும்போது பை மூடியே இருக்கட்டும். தோளில் தொங்கவிட்டுத் தம்பானூரில் நடந்தால் முதலில் வருவது போலீஸ்தான்.

இனி வாங்கும் கதை. எதுவும் வாங்காமல் இருப்பதும் ஒரு வழி, தொடக்கத்தில் அதுவே நல்ல வழி. 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளின் துப்பாக்கிச் சுடுதல் நடந்த வட்டியூர்க்காவு மைதானம் இங்கே திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. கிளப்பில் சேர்ந்து, அவர்கள் தரும் ரைஃபிளில் மூன்று மாதம் சுடுங்கள். வலது கண்ணா இடது கண்ணா, கை எவ்வளவு எடை தாங்கும், ஒரு மணி நேரம் ஒரே நிலையில் நிற்க முடியுமா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். பாதிப் பேருக்கு ஆசையும் அதற்குள் அடங்கிவிடும். அப்படி மிச்சமாகும் பணமும் லாபம்தானே!

அடங்காதவர்கள் அடுத்ததாகப் போவது உள்நாட்டு ஸ்பிரிங் ரைஃபிளிடம். ஐ.எச்.பி. 35 என்ற பெயரைப் பழைய ஆட்கள் இன்னும் பாசத்தோடு சொல்வார்கள். ஜெர்மனியின் டயானா 35ஐப் பார்த்து இங்கே செய்தது அது. குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கி, பெல்லட்டைப் போட்டு, நிமிர்த்திச் சுட வேண்டும். இப்போது பிரெசிஹோல் ரைஃபிள்கள் பரவலாகக் கிடைக்கின்றன. ஆழத்துளை போடும் இயந்திரங்கள் செய்தவர்கள் குழல் செய்ய இறங்கியதால், குழலில் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. ஸ்பிரிங் ரைஃபிளில் உள்ள தொல்லை வேறு. டிரிக்கரை அழுத்தியதும் உள்ளே பிஸ்டன் முன்னே பாய்ந்து மோதும். குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் ரைஃபிள் பின்னும் முன்னும் ஒரு குலுக்கு குலுக்கிவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒரு இடம், தளர்த்திப் பிடித்தால் வேறு இடம். திறந்த உள்ளங்கையில் குழந்தையைத் தாங்குவதுபோல் தாங்கப் பழக வேண்டும். ஆறு மாதம் இதில் பழகியவர் பிறகு எதையும் சுடுவார்.

பி.சி.பி. எனப்படும் காற்று சிலிண்டர் ரைஃபிளில் அந்தக் குலுக்கல் கிடையாது. 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று, ஒவ்வொரு முறையும் ஒரே அளவாகத் திறந்து குண்டைத் தள்ளும். உலகப் போட்டிகளில் இன்று இதுதான். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டெயர் என்று இறக்குமதிப் பெயர்களைத் தேடினால் விலை லட்சங்களில். உள்நாட்டிலும் பி.சி.பி. வந்துவிட்டது, விலையும் கைக்கு எட்டும். ஆனால் ரைஃபிளோடு செலவு முடிவதில்லை. காற்றடிக்கக் கைப்பம்போ பெரிய சிலிண்டரோ தனியாக வேண்டும். கைப்பம்பில் 200 பார் அடித்துப் பாருங்கள், அன்றைக்கு வேறு உடற்பயிற்சி தேவைப்படாது. பழைய ஜெர்மன் பி.சி.பி.யை இரண்டாம் கையாக வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டர் மேல் பொறித்த ஆண்டு. அதற்குப் பத்தாண்டு ஆயுள். கடந்துவிட்டால் போட்டிக்கு உதவாது, பாதுகாப்புக்கும் நல்லதில்லை. இதைச் சொல்லாமல் விற்பவர்கள் உண்டு.

இதற்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது: பழைய ஃபைன்வெர்க்பாவ் 300. ஸ்பிரிங்தான், ஆனால் சுடும்போது இயங்குபகுதி முழுவதும் தண்டவாளம் போன்ற அமைப்பில் பின்னால் வழுக்கிப்போய்விடுவதால் குலுக்கல் தோளுக்கு வருவதில்லை. பம்பு வேண்டாம், சிலிண்டர் வேண்டாம். சீல்கள் வயதாகிப் பொடியும், உதிரி கிடைக்கக் காத்திருக்க வேண்டும், உண்மைதான். ஓய்வுபெற்ற சுடுவீரர் யாரிடமாவது கிடைத்தால், வரிசை எண்ணைக் குறித்து எழுதி வாங்கிக்கொண்டு, பேரம் பேசாமல் வாங்குங்கள்.

வீட்டில் கழற்றும் விஷயத்துக்கு வருகிறேன். என் முதல் ஸ்பிரிங் ரைஃபிளை வாங்கிய ஆறாவது மாதம் அதற்கு ‘பவர்’ போதவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஒரு கடைக்காரர் தடித்த ஸ்பிரிங் ஒன்றைக் கொடுத்தார், மாற்றினேன். சத்தம் பிரமாதம். பத்து மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்துகொண்டிருந்த துப்பாக்கி, காப்பி சாசர் அளவுக்குச் சிதறியது. மூன்றாவது வாரம் பிஸ்டன் சீல் பிளந்தது. அதைவிட மோசமானது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது: அது 20 ஜூலைத் தாண்டியிருந்தால், உரிமமில்லாத ஆயுதத்தைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டேன்.

எனக்கு அந்தப் பவர் எதற்குத் தேவைப்பட்டது? பத்து மீட்டர் போட்டி ரைஃபிள்கள் ஏழெட்டு ஜூலில்தான் சுடுகின்றன. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் 10.8 எடுத்துத் தங்கம் வென்றதும் அப்படிப்பட்ட ஒரு ரைஃபிளில்தான். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். அதைத் தொட ஆற்றல் உதவாது, ஒரேமாதிரித்தன்மைதான் உதவும்.

ஆகவே கையும் கண்ணும் படும் இடங்களை மட்டும் மாற்றுங்கள். ஓபன் சைட்டை எடுத்துவிட்டு, சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் பீப் சைட் போடுவது, செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் புள்ளி தரும் மாற்றம். கன்னம் பதியும் இடம் தாழ்ந்திருந்தால் ஒரு நல்ல ஆசாரியிடம் காட்டி மரத்துண்டு ஒட்டி உயர்த்தலாம். எனக்கு ஆஞ்சிலியில் செய்து கொடுத்தார், எடையும் அளவாக இருந்தது. டிரிக்கரை, தயாரிப்பாளர் வைத்த திருகால் மட்டும் சரிசெய்யுங்கள். உள்ளே அரம் வைத்துத் தேய்த்தவர்களின் ரைஃபிள் தரையில் தட்டினாலே வெடிப்பதைப் பார்த்திருக்கிறேன். குழலை வெட்டிக் குட்டையாக்கும் யோசனையை எல்லாம் விட்டுவிடுங்கள்.

பெல்லட்டையும் மாற்றிப் பாருங்கள். ஒரே ரைஃபிளில் நாலு வகைப் பெல்லட்டைச் சுட்டு, எது நெருங்கி விழுகிறதோ அதையே மொத்தமாக வாங்குங்கள். இதைவிட மலிவான ‘மாடிஃபிகேஷன்’ கிடையாது.

நம் ஊருக்கே உரிய ஒரு எச்சரிக்கை. கடல் காற்றும் இடவப்பாதி மழையும் இரும்பை ஒரு வாரத்தில் துருவாக்கும். உடனே தேங்காய் எண்ணெய்க் குப்பியைத் தேடாதீர்கள். அது பிசுபிசுத்துப் போகும். பிஸ்டன் அறைக்குள் இறங்கினால் அழுத்தத்தின் சூட்டில் எண்ணெய் பற்றி வெடித்து சீலைத் தின்றுவிடும். துப்பாக்கி எண்ணெயைத் துணியில் தொட்டு வெளிப்புறம் மட்டும் துடையுங்கள். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பெல்லட் ஈயம். வீட்டில் பயிற்சி செய்தால் இலக்குக்குப் பின்னால் மணல் மூட்டை இருக்கட்டும். வெறும் சுவரில் பட்ட குண்டு திரும்பி வரும். கண்ணாடி போடாமல் சுடாதீர்கள்.

என் கணக்கு இதுதான். முதல் மூன்று மாதம் கிளப் ரைஃபிள், பிறகு உள்நாட்டு ஸ்பிரிங்கும் பீப் சைட்டும். 60 குண்டில் 540ஐ அடிக்கடி தாண்டும்போது மட்டும் பி.சி.பி.யைப் பற்றி யோசியுங்கள். நடுவில் பழைய 300 ஒன்று கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். என்னிடம் ஒன்று இருக்கிறது. விற்பதாக இல்லை, கேட்டு வராதீர்கள்.