மார்கழிக் குளிரும் கறிவேப்பிலைச் செடியும்

ஊரிலிருந்து கொண்டுவந்த கறிவேப்பிலைத் தொட்டியை, பெங்களூர்க் குளிருக்குப் பயந்து கூடத்தில் வைத்தேன். தையில் பட்டுப்போயிற்று. கொன்றது குளிரல்ல, நான் தினமும் ஊற்றிய தண்ணீர்.

இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான், அது 1884 ஜனவரியில். உறைபனி இல்லை. ஆனால் குளிரில் வளர்ச்சி நின்று, வேர் குறைவாகவே நீரை உறிஞ்சும். ஈரம் தேங்கினால் வேர் அழுகும். இலை உதிர்வதைக் கண்டு நாம் இன்னும் ஊற்றுவோம்!

1. விரலால் ஓர் அங்குலம் தோண்டிப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் மட்டும் காலையில் தண்ணீர் விடுங்கள்.

2. வீட்டுக்குள் என்றால் வெயில் விழும் ஜன்னலோரம் வையுங்கள். வெளியே என்றால் சன்ஷேடின் கீழ், சுவரோரம். பகலில் வெயில் பட்ட சுவர் இரவில் சூடு தரும்.

3. மாசி வரை உரம் வேண்டாம்.

இலை கொட்டினாலும் பிடுங்கி எறியாதீர்கள். தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.